மரக்கறித் தோட்டத்தில் பேசும் அம்மா, காம்பராவில் பேசாதது ஏன்?

கேள்விகளை மாற்ற வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். நீங்கள் ஆவணப்படம் எடுக்கும், மண்சரிவில் மகனை இழந்த அந்த அம்மா மரக்கறித் தோட்டத்தில் மனம்விட்டுப் பேசுகிறார், காம்பராவில் (லயத்து வீட்டு அறையில்) கேமராவை வைத்ததும் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று முடித்துவிடுகிறார் என்கிறீர்கள். கேமராவைவிடச் சுவர்தான் காரணம் என்று நினைக்கிறேன். லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரே கூரை. பக்கத்துக் காம்பராவில் இருமினாலே கேட்கும்.

ஒருநாள் கேமரா இல்லாமல் காம்பராவில் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். அப்போதும் அடக்கியே பேசினால் காரணம் சுவர்தான். சரி, பிறகு தோட்டத்திலேயே அனுமதி கேட்டுக் குரலை மட்டும் பதியுங்கள். படத்துக்கு, களை பிடுங்கும் அவருடைய கைகள் போதும்.

பதிந்ததை முதலில் அவருக்கே, தனியாகப் போட்டுக்காட்டுங்கள். பிரெஞ்சு ஆவணப்பட இயக்குநர் ழான் ரூஷ் 1950களிலேயே ஆப்பிரிக்காவின் நைஜரில் தான் எடுத்ததை அந்த மக்களுக்குத் திரையிட்டு, அவர்கள் சொன்னதைக் கேட்டார். "யோசனை கூடிப்போச்சு" என்று அம்மா சொன்னால், அதை 'மன அழுத்தம்' என்று வசனவரியில் மாற்றிவிடாதீர்கள். அந்த யோசனை உடம்பில் எங்கே தெரிகிறது, எப்போது வருகிறது என்று கேளுங்கள். 2014 அக்டோபர் 29 அன்று இலங்கை மலையகத்தின் மீரியபெத்தவில் நேர்ந்த மண்சரிவும் கடும் மழைக்குப் பிறகுதான் வந்தது. மழை அவருக்கு மண்சரிவை நினைவூட்டலாம்; அதனால் தகரக் கூரையில் விழும் மழைச் சத்தத்தை அழகுக்காகச் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

ஒன்று மட்டும்: தூக்கம், சாப்பாடு விட்டுப்போய், சாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் படப்பிடிப்பை உடனே நிறுத்துங்கள். இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள், அவருடன் கூடவே இருங்கள்.