எஸ்லிங்கனில் மரச்சட்ட வீடு: வாடகைக்கு எடுக்கும் முன்

தம்பி, ஜெர்மனியின் எஸ்லிங்கன் பழைய நகரில் மரச்சட்ட வீட்டின் இரண்டாம் மாடி குறைந்த வாடகைக்கு வருகிறது, எடுக்கலாமா, மளிகை, பள்ளியெல்லாம் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். நம்ம ஊர் மளிகைக்கு ரயில் ஏறினால் பக்கத்து நகரம் ஸ்டுட்கார்ட். பள்ளிக்கு நகராட்சியில் விசாரியுங்கள். வீட்டைப் பற்றி நான் சொல்கிறேன். நான் வந்து இறங்கியதே அப்படி ஒரு வீட்டில்தான்.

மரம் பழசு என்று பயப்படாதீர்கள். இங்கே ஹாஃபென்மார்க்ட் சதுக்கத்தில் 1330 வாக்கில் கட்டிய மரச்சட்ட வீட்டு வரிசை இன்றும் நிற்கிறது. பின்னால் வந்தவர்கள் செய்த 'ரிப்பேருக்கு'த்தான் பயப்பட வேண்டும். அந்தக் காலத்தில் சட்டங்களுக்கு நடுவே குச்சி பின்னி, வைக்கோல் கலந்த களிமண்ணை அப்பினார்கள். நம்ம ஊர் மண்சுவர்தான். ஈரத்தை வாங்கும், விடும். 1960, 70களில் பல வீடுகளில் அதன்மேல் சிமெண்ட் பூசிவிட்டார்கள். விரிசலில் புகுந்த மழைத்தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று மரத்தை இற்றுப்போகச் செய்யும்.

எங்கள் படுக்கையறை அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூசணம் பிடித்தது. "தினமும் எதையோ ஆவியில் வேகவைக்கிறீர்களே" என்றார் வீட்டுக்காரர். பழி என் இட்லிப் பானை மேல்! கடைசியில் தச்சர் வந்து வெளிப்பூச்சைத் தட்டி எடுத்தார். அடிச்சட்டத்தில் உளி பிடிவரை இறங்கியது. மரம் காப்பித்தூளாய்க் கொட்டியது. வீட்டுக்காரர் அப்புறம் இட்லியைப் பற்றிப் பேசவில்லை.

ஆகவே பார்க்கப் போகும்போது அலமாரியை நகர்த்தச் சொல்லுங்கள், ஓதம் இருக்கிறதா என்று சுவரின் அடியைத் தொட்டுப் பாருங்கள். கீழே கடை இருந்தால் கண்ணாடி ஜன்னலுக்காகத் தூணை எடுத்தார்களா என்று கேளுங்கள். தரை சாய்வு மட்டும் என்றால் கட்டில் காலுக்குக் கட்டை வைத்தால் சரி. ஜன்னலை மாற்றச் சொல்லிச் சண்டை வேண்டாம். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றால் அனுமதி வாங்க வேண்டும். வாடகையைவிட ஹீட்டிங் செலவைத்தான் முதலில் கேட்க வேண்டும். காலையும் மாலையும் ஜன்னலை அகலத் திறந்து காற்று விடுங்கள். நம் ஆட்கள் குளிருக்குப் பயந்து பூட்டியே வைத்துவிட்டு, பூசணம் வந்ததும் ஊரைத் திட்டுவார்கள்.

புறநகரில் புது வீடு வாங்கியவர்கள் "அந்தப் பழசில் யார் இருப்பது?" என்பார்கள். ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் போட்டோ எடுக்கக் கூட்டி வருவது எங்கள் தெருவுக்குத்தான்.

மாற்றியதெல்லாம் கெடுதல் என்றும் சொல்ல மாட்டேன். பழைய ராட்ஹவுஸை, அதாவது நகர மன்றக் கட்டடத்தைப் பாருங்கள். சதுக்கத்துப் பக்கம் 1580களில் கட்டடக் கலைஞர் ஹைன்ரிஷ் ஷிக்ஹார்ட் வைத்த மறுமலர்ச்சிப் பாணி முகப்பு. எதிர்ப்பக்கம் போனால் 1420களின் மரச்சட்டம் அப்படியே தெரியும். முதல் குளிர்காலத்தில், ஞாயிறு கடையெல்லாம் அடைத்திருக்கும்போது, போக்கிடமில்லாமல் அதைத்தான் சுற்றிச் சுற்றி வருவேன். அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கிழவர்கள் ஒவ்வொரு சட்டத்துக்கும் பெயர் சொல்லித் தருவார்கள். என் ஜெர்மன் மொழியில் வகுப்பில் பழகியது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் அவர்களிடம்.