மூளை என்று போனேன், ஒரு பாஸ்பேட்டில் நின்றேன்

கேள்வி: கடலூரில் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி கடைசி வருஷம் படிக்கிறேன். நினைவாற்றல் பற்றி ஆராய ஆசை. செல் சிக்னலிங், நரம்பியல் பக்கம் பி.எச்டி. போனால் வாழ்க்கை எப்படி இருக்கும்?

நானும் கடலூர்தான், முதுநகர். பி.எச்டி. பண்ணியது புதுச்சேரியில். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், நீங்கள் நினைவாற்றலை ஆராயப் போவதில்லை. ஏதோ ஒரு புரதத்தில் ஏதோ ஓர் இடத்தில் ஒரு பாஸ்பேட் (புரதத்தை முடுக்கவோ அடக்கவோ செல் ஒட்டிவைக்கும் சின்ன வேதித்துண்டு) ஒட்டியிருக்கிறதா இல்லையா என்று ஐந்தாறு வருஷம் பார்க்கப் போகிறீர்கள். அது சலிக்காது என்றால் தாராளமாக வாருங்கள்.

எனக்கு வாய்த்த புரதம் கேம்-கே-டூ (CaMKII). அது ஒரு கைனேஸ், அதாவது புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டிவிடும் நொதி. நரம்பு செல் சும்மா இருக்கும்போது உள்ளே இருக்கிற கால்சியம், வெளியே இருப்பதில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். செய்தி வந்ததும் செல்லின் கதவு திறந்து கால்சியம் உள்ளே பாயும், இந்தக் கைனேஸ் விழித்துக்கொள்ளும், விழித்த கையோடு பக்கத்தில் இருக்கும் தன் பங்காளிக்கு, அதாவது அதே கைனேஸின் இன்னோர் அலகுக்கு, 286ஆவது அமினோ அமிலத்தில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடும். அப்புறம் கால்சியம் வடிந்த பிறகும் அது சட்டென்று அடங்காது. அந்த ஒரே இடத்தை மட்டும் மாற்றிய சுண்டெலிகள், தண்ணீர்த் தொட்டியில் மூழ்கியிருக்கும் மேடை எங்கே என்று கற்றுக்கொள்ளத் திணறின என்று 1998இல் காட்டினார்கள். இதைப் படித்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தத் துறைக்குள் வந்ததே அதனால்தான்.

பாஸ்பேட் ஒட்டுவதும் கழற்றுவதும் முதலில் தெரியவந்தது தசையில்தான். ஃபிஷரும் கிரெப்ஸும் 1950களில் கண்டது, நோபல் கிடைத்தது 1992இல். அதே வேலை மூளையிலும் நடக்கிறது என்று பிடிவாதமாக நின்றவர் பால் கிரீன்கார்ட். அவருக்கு 2000இல் கிடைத்தது. பிரசவத்தில் இறந்துபோன தன் அம்மாவின் பெயரில், பெண் விஞ்ஞானிகளுக்கென்று பரிசு ஏற்படுத்த அந்தப் பணத்தைக் கொடுத்துவிட்டார். எனக்குப் பிடித்த மனிதர், அதனால் இடையில் சொல்லிவிட்டேன்.

சரி, வேலைக்கு வருவோம். இந்தப் பாஸ்பேட் நமக்காகக் காத்திருக்காது. எலியின் மூளையை எடுத்த நொடியிலிருந்து பாஸ்படேஸ் என்கிற நொதிகள் அதைக் கழற்ற ஆரம்பித்துவிடும். ஐஸ், தடுப்பு மருந்து கலந்த பஃபர், வேகமான கை, மூன்றும் வேண்டும். அம்மாவுக்கு இதை எப்படியெல்லாமோ விளக்கிப் பார்த்தேன். கடைசியில், "துறைமுகத்துல மீன ஐஸ்ல போடாம அரை மணி நேரம் வெச்சா செவுள் நிறமே மாறிடும், அந்த மாதிரிதானே?" என்று அவரே முடித்துவைத்தார். அதேதான்.

நான் செய்த பெரிய முட்டாள்தனம் பால் பவுடர். வெஸ்டர்ன் பிளாட் என்பது, புரதங்களைக் காகிதம் போன்ற சவ்வில் ஏற்றி, வேண்டியதை மட்டும் ஆன்டிபாடியால் தேடிப் பிடிக்கும் சோதனை. அது கண்ட இடத்தில் ஒட்டாமல் இருக்கக் காகிதத்தை பிளாக் செய்ய எல்லோரும் பால் ஊற்றினார்கள், நானும் ஊற்றினேன். பாலில் இருக்கும் கேசீனே பாஸ்பேட் ஒட்டிய புரதம் என்பது மண்டையில் ஏற மூன்று மாதம் ஆனது. அதுவரை பாஸ்பேட்டைத் தேடும் ஆன்டிபாடி பாலிலேயே ஒட்டி, பிலிம் முழுக்கக் கறுப்பு. விலை உயர்ந்த ஆன்டிபாடி ஒரு குப்பி காலி. பாலுக்குப் பதில் பி.எஸ்.ஏ. என்ற மாட்டு ரத்தப் புரதத்துக்கு மாறிய முதல் நாளே பட்டை பளிச்சென்று வந்தது, சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை.

அதைவிடக் கொடுமை 2011 டிசம்பர் 30, தானே புயல். கடலூரில் வீட்டு ஓடு பறந்தது, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. நான் ஊரில் மாட்டிக்கொண்டேன், பஸ் கிடைத்துப் புதுச்சேரிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்து மைனஸ் எண்பது ஃப்ரீசர் அறை வெப்பத்துக்கு வந்திருந்தது. இரண்டு வருஷ சாம்பிள். யார் மேல் தப்பு என்று இப்போது பேசிப் பயனில்லை, ஆனால் அந்த நாற்றம் மறக்கவில்லை. திரும்பச் செய்ததில் பி.எச்டி. ஏழு வருஷமாக இழுத்தது.

பணம்? பி.எச்டி. மாணவருக்கான அரசு உதவித்தொகை ஜே.ஆர்.எஃப். 2010இல் மாதம் 16,000 ரூபாய், 2023லிருந்து 37,000. மாதாமாதம் ஒழுங்காக வரும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். பி.எச்டி.க்குப் பிந்தைய ஆய்வு வேலையான போஸ்ட்டாக் இரண்டு வருஷம் வெளிநாட்டில் பார்த்தேன், பிறகு அப்பாவுக்கு முடியாமல் போக ஊருக்கே வந்துவிட்டேன். இப்போது கல்லூரியில் பாடம் எடுக்கிறேன், ஆய்வு பாதி நேரம்தான். சிலர் இதைத் தோல்வி என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, சில ஞாயிற்றுக்கிழமைகளைத் தவிர.

உதவித்தொகைக்கான நெட் தேர்வுக்கு இப்போதே உட்காருங்கள். பெங்களூர் என்.சி.பி.எஸ். (உயிரியல் ஆய்வு மையம்), மானேசர் என்.பி.ஆர்.சி. (மூளை ஆய்வு மையம்) இரண்டுக்கும் விண்ணப்பம் போடுங்கள், ஜிப்மர், காலாப்பட்டு பல்கலைக்கழகம் பக்கமும் யார் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். எங்கே நேர்காணலுக்குப் போனாலும் கைடிடம் பேசி முடித்த பிறகு, அங்கே நாலாவது வருஷத்தில் இருக்கும் மாணவர் ஒருவரை டீக்கடைக்குக் கூட்டிப்போய் இரண்டே கேள்வி கேளுங்கள்: கரண்ட் போனால் ஃப்ரீசருக்கு யார் பொறுப்பு, கடைசியாக இங்கே பி.எச்டி. முடித்தவருக்கு எத்தனை வருஷம் ஆனது?