ஒற்றைப் போடலாமா, விடலாமா? எழுத்துப்பிழைகள் பற்றிக் கேள்வி பதில்

பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்துவது என் தொழில். நாள் முழுக்க மற்றவர்கள் எழுதியதில் ஒற்றுகளை, அதாவது புள்ளி வைத்த மெய்யெழுத்துகளை, போடுவதும் எடுப்பதும்தான் வேலை. எழுத்துப்பிழை, ஒற்று, நிறுத்தக்குறி பற்றிக் கேட்கலாம் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. தெரிந்ததை விரிவாகச் சொல்கிறேன். என் துறையில் இல்லாததற்கு வழி மட்டும் காட்டுகிறேன்.

கேள்வி (ஆசிரியை, திருச்சி): க், ச், த், ப் எங்கே போடுவது, எங்கே விடுவது? இலக்கண நூலில் உள்ள பட்டியலை மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள், தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். எளிய வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ‘அந்தப் பையன்’, ‘எப்படிச் சொன்னான்’, ‘அவனைக் கூப்பிடு’, ‘கடைக்குப் போ’ என்று பள்ளிக்கூடமே போகாதவர்களும் அழுத்தித்தான் சொல்கிறார்கள். ‘வந்த பையன்’, ‘வந்து போனான்’ என்னும்போது அந்த அழுத்தம் தானாகவே போய்விடுகிறது. காதில் விழுவதைத்தான் எழுத்தில் காட்டுகிறோம்.

காது தடுமாறும் இடத்தில் சில விதிகள் போதும். அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி என்பவற்றுக்குப் பின் மிகும். ஐ, கு என்ற உருபுகள் வெளியே தெரிந்தால் மிகும். ‘எடுத்து’, ‘கேட்டு’, ‘விற்று’ போல வல்லின மெய்யை ஒட்டி உகரத்தில் முடியும் எச்சத்துக்குப் பின் மிகும்: எடுத்துக் கொடுத்தான், கேட்டுப் பார்த்தான். ‘வந்து’, ‘செய்து’ என்றால் மிகாது. ‘வந்த’, ‘நடந்த’, ‘என்ற’ போன்ற பெயரெச்சங்களுக்குப் பின் மிகாது. அது, இது, எது என்பவற்றுக்குப் பின்னும் மிகாது. என் மேசைக்கு வரும் ஒற்றுப்பிழைகளில் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடும்.

வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்ட ஓர் எடுத்துக்காட்டு. ‘வேலை செய்தான்’ என்றால் உழைத்தான். ‘வேலைச் செய்தான்’ என்றால் வேல் என்னும் ஆயுதத்தைச் செய்தான். இரண்டாவதில் இருப்பது வேல் + ஐ. உருபு வெளியே நிற்பதால் ச் வந்தது. முதலாவதில் ஐ மறைந்து நிற்கிறது, அதனால் வரவில்லை. அதே ஐ வெளியே வந்தால் ‘வேலையைச் செய்தான்’ என்று ஒற்றும் கூடவே வந்துவிடும். இதை ஒரு முறை புரிந்துகொண்ட பிள்ளை ‘கதைச் சொன்னார்’, ‘கவிதைப் படித்தாள்’ என்று எழுதாது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: சந்தேகம் வந்தால் ஒற்றைப் போடாதீர்கள். விடுபட்ட ஒற்றை வாசகர் மனத்துக்குள் சேர்த்துப் படித்துக்கொள்வார். தேவையில்லாமல் போட்ட ஒற்று அவரை வேறு பொருளுக்கு இழுத்துக்கொண்டு போகும். ‘தந்த பலகை’ யாரோ கொடுத்த பலகை. ‘தந்தப் பலகை’ யானைத் தந்தத்தில் செய்தது. ‘நடுகல்’ வீரனுக்கு நட்ட கல். ‘நடுக்கல்’ நடுவில் கிடக்கும் கல்.

கேள்வி (மதுரை): ‘சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்’ என்று ஊரெல்லாம் எழுதியிருக்கிறார்கள். சரிதானா?

பதில்: தவறு. சொல் ‘சுவர்’. சுவர் + இல் = சுவரில். வேர் வேரில் ஆவதும், மோர் மோரில் ஆவதும் போலத்தான். ‘று’ என்று முடியும் சொற்களில்தான் ற் இரட்டிக்கும்: ஆறு ஆற்றில், சோறு சோற்றில், கிணறு கிணற்றில், வயிறு வயிற்றில். ‘சுவறு’ என்று யாரும் சொல்வதில்லையே, அப்புறம் ‘சுவற்றில்’ எங்கிருந்து வரும்? இத்தனை பெரிய எழுத்தில், இத்தனை ஊர்களில் ஒரு பிழை நின்றால் பிள்ளைகள் அதைத்தான் சரி என்று படிப்பார்கள். எழுதச் சொல்பவர்கள் கவனிக்க வேண்டும்.

கேள்வி (கல்லூரி மாணவர், சேலம்): ஒரு, ஓர் எப்போது?

பதில்: உயிரெழுத்துக்கு முன் ஓர், மற்ற இடங்களில் ஒரு. ஓர் ஊர், ஒரு வீடு.

கேள்வி (சென்னை): முயற்சியா, முயற்ச்சியா? பயிற்சியில் ச் உண்டா? எனக்கு எப்போதும் குழப்பம்.

பதில்: முயற்சி, பயிற்சி. ட், ற் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு மெய் வராது. கட்சி, காட்சி, நீட்சி, கற்சிலை எல்லாம் இப்படித்தான். ய், ர், ழ் மூன்றும் மட்டும் பக்கத்தில் இன்னொரு மெய்க்கு இடம் கொடுக்கும்: காய்ச்சல், வளர்ச்சி, மகிழ்ச்சி. ‘வளர்ச்சி’யைப் பார்த்து ‘முயற்ச்சி’ எழுதுவதால் வரும் பிழை இது. ற்-க்குப் பின் புள்ளி வைத்த எழுத்து கண்ணில் பட்டால் யோசிக்காமல் அடித்துவிடுங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): நாங்கள் ‘ரொறன்ரோ’ என்று எழுதுகிறோம். தமிழகத்து நண்பர் ‘டொராண்டோ’ என்று திருத்துகிறார். எது பிழை?

பதில்: இரண்டும் பிழை இல்லை. ஆங்கிலத்தில் அந்த ஒலி நாக்கு நுனி மேல் ஈற்றைத் தொட்டு வருகிறது. நீங்கள் அதை ர, ற வழியாகப் பிடிக்கிறீர்கள், இங்கே ட வழியாகப் பிடிக்கிறார்கள். ஈழத்தில் நிலைபெற்ற எழுத்து மரபைத் தமிழகத்து வழக்கத்தைக் கொண்டு திருத்துவது தவறு. ஈழத்து எழுத்தாளர்களின் கைப்பிரதி வந்தால் நான் இதைத் தொடுவதே இல்லை.

கேள்வி (கோவை): ‘வாழ்த்துக்கள்’ என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது. க் வந்தால் அது குடிக்கும் கள் ஆகிவிடும். ‘வாழ்த்துகள்’ மட்டுமே சரி என்று உறுதியாகச் சொல்லுங்கள்.

பதில்: அப்படிச் சொல்ல மாட்டேன். க் வந்தால் குடிக்கும் கள் ஆகும் என்றால் பூக்கள், ஈக்கள், பசுக்கள், தெருக்கள் என்னாவது? அவற்றை எல்லோரும் க் போட்டுத்தான் எழுதுகிறோம், யாருக்கும் கள் நினைவுக்கு வருவதில்லை. இந்தக் காரணத்தை விட்டுவிடுங்கள்.

உண்மையான கேள்வி வேறு. ‘வாழ்த்து’ வன்தொடர்க் குற்றியலுகரம், அதாவது வல்லின மெய்யை ஒட்டிக் குறுகி ஒலிக்கும் உகரத்தில் முடியும் சொல். வன்தொடர் அல்லாதவற்றின் முன் அல்வழியில் (வேற்றுமைப் பொருள் இல்லாத சேர்க்கையில்) வல்லினம் மிகாது என்கிறது நன்னூல். அப்படியானால் வன்தொடருக்குப் பின் மிகும், எனவே வாழ்த்துக்கள், எழுத்துக்கள், கருத்துக்கள் என்பது ஒரு தரப்பு. அந்தச் சூத்திரம் இரண்டு சொற்கள் சேரும் இடத்துக்கு உரியது, ‘கள்’ தனிச்சொல் இல்லை, விகுதி, ஆகவே மிகாது என்பது மறு தரப்பு. இரண்டுக்கும் நியாயம் உண்டு.

நான் எழுதுவது ‘வாழ்த்துகள்’. காரணம், மற்றக் குற்றியலுகரங்களில் எங்குமே மிகுவதில்லை: ஆடுகள், கயிறுகள், பந்துகள், மார்புகள். எல்லாவற்றுக்கும் ஒரே விதி இருக்கட்டும் என்பது என் விருப்பம். ஆனால் ஆசிரியர் ‘வாழ்த்துக்கள்’ என்று எழுதினால் அடிக்க மாட்டேன். முதல் பக்கத்தில் கருத்துகள், பத்தாம் பக்கத்தில் கருத்துக்கள் என்று இருந்தால் மட்டும் ஒன்றாக்குவேன்.

கேள்வி (அதே கோவை வாசகர்): இரண்டும் சரி என்றால் இலக்கணம் எதற்கு? நாளை எல்லாமே சரி என்பீர்கள்.

பதில்: மாட்டேன். ‘சுவற்றில்’ தவறு என்று மேலே சொன்னேன், அதில் இரண்டு பேச்சு இல்லை. இலக்கணம் தீர்த்துச் சொன்ன இடம் ஒன்று, இரு வழி திறந்திருக்கும் இடம் ஒன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிவதும் இலக்கண அறிவுதான். யாரோ ஒருவர் பெண்ணின் கல்யாணத்துக்கு மனமார வாழ்த்தி எழுதியதன் கீழே போய் ‘க் வராது’ என்று எழுதுகிறார்கள். எனக்கு எரிச்சல் தருவது அதுதான். இன்னொருவரைத் திருத்தும் முன் நூறு சதவீதம் உறுதி வேண்டும்.

கேள்வி (புதுச்சேரி): காதை நம்பச் சொன்னீர்கள். பேச்சில் ‘வாழ்த்துக்கள்’ என்றுதான் அழுத்திச் சொல்கிறோம். அப்படியானால் உங்கள் ‘வாழ்த்துகள்’ காதுக்கு எதிரானது இல்லையா?

பதில்: நல்ல கேள்வி. ஆமாம், காது உங்கள் பக்கம்தான் சாட்சி சொல்கிறது. அதனால்தான் அதைப் பிழை என்று அடிக்க எனக்குக் கை வருவதில்லை. என் பக்கத்தில் இருப்பது ஒழுங்கு, உங்கள் பக்கத்தில் இருப்பது ஒலி. இங்கே ஒழுங்கை எடுத்துக்கொண்டது என் தேர்வு, அதைப் பிறர்மேல் சுமத்த மாட்டேன்.

கேள்வி (தஞ்சாவூர்): அப்படியே ‘நாட்கள்’ பற்றியும் சொல்லிவிடுங்கள். ‘நாள்கள்’தான் சரி என்று ஒருவர் சண்டைக்கு வருகிறார்.

பதில்: இங்கே கள் வாதத்துக்கு உண்மையாகவே ஓர் ஆதாரம் உண்டு. புறநானூற்றின் 123ஆம் பாட்டில் கபிலர் ‘நாட்கள்’ என்று சொல்வது காலையில் குடிக்கும் கள்ளை. கள்ளுண்டு மகிழ்ந்திருக்கும்போது தேரைக் கொடுப்பது யாருக்கும் எளிது, மலையமான் என்னும் சிற்றரசன் அப்படிக் குடிக்காமலே கொடுத்தவன் என்கிறது பாட்டு. ஆனால் இன்று ‘பத்து நாட்கள் விடுமுறை’ என்று படித்தால் யாரும் கள்ளை நினைப்பதில்லை. ள் + க என்பது ட்க ஆவதும் புணர்ச்சி விதிதான். நாட்கள், நாள்கள் இரண்டும் இருக்கட்டும். இந்தச் சண்டையை இதோடு முடித்துக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (வேலூர்): ஒரு ஆண்டா, ஓர் ஆண்டா?

பதில்: ஓர் ஆண்டு. மேலே சேலத்து மாணவருக்குச் சொன்னேன்.

கேள்வி (ஈரோடு): நான் எழுதிய வெண்பாவைத் திருத்தித் தருவீர்களா?

பதில்: யாப்பு என் துறை இல்லை. மரபுக்கவிதை எழுதுபவர் ஒருவரிடம் கொடுங்கள்.

கேள்வி (பெங்களூரு): எங்கே சேர்த்து எழுதுவது, எங்கே இடம் விடுவது? ஒவ்வொரு பத்திரிகையும் ஒரு மாதிரி எழுதுகிறது.

பதில்: பொருளைப் பாருங்கள். ‘வந்துவிட்டான்’ என்றால் வந்து சேர்ந்தாயிற்று. ‘வந்து விட்டான்’ என்றால் யாரையோ அழைத்து வந்து இறக்கிவிட்டான். ‘என்னைவிட அவள் பெரியவள்’ ஒப்பீடு. ‘என்னை விட அவள் வந்தாள்’ என்றால் வண்டியில் கொண்டுவந்து விட வந்திருக்கிறாள். ‘அவன்தான் சொன்னான்’ என்பதில் தான் ஒட்டி நிற்க வேண்டும். துணைவினையும் இடைச்சொல்லும் முன் சொல்லோடு ஒட்டும், தனி வினை தனியே நிற்கும். ‘பழைய புத்தகக்கடை’ என்றால் கடை பழையது. பழைய புத்தகம் விற்கும் கடை என்றால் ‘பழையபுத்தகக் கடை’ என்று எழுதினால் குழப்பம் இல்லை.

கேள்வி (திருநெல்வேலி): அடிக்கடி தப்பாக எழுதப்படும் சொற்கள் சிலவற்றைத் தாருங்கள்.

பதில்: எண்ணெய், வெண்ணெய் (எண்ணை, வெண்ணை இல்லை). தேநீர், ‘தேனீர்’ என்றால் தேன் கலந்த நீர். ஏற்கெனவே. மேன்மேலும். உடைமை. சில்லறை. நினைவுகூர்ந்தார் (கூறினார் இல்லை). பொறுப்பு, ‘பொருப்பு’ என்றால் மலை. மற்றவற்றுக்குக் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய சொல் என்றால் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி.

கேள்வி (திண்டுக்கல்): ‘நடந்தச் சம்பவம்’ என்பதில் ச் உண்டுதானே?

பதில்: இல்லை. பெயரெச்சம், மிகாது. சந்தேகம் வந்தால் போடாதீர்கள் என்று முதல் பதிலிலேயே சொன்னேன். ‘என்றப் படம்’, ‘இருக்கிறப் பிரச்சினை’ எல்லாம் இதே பிழை. தயவுசெய்து முதல் பதிலை ஒரு முறை படியுங்கள்.

கேள்வி (சிங்கப்பூர்): ‘மற்றும்’ என்பதற்கு முன் கால்புள்ளி உண்டா?

பதில்: ‘மற்றும்’ எதற்கு? ‘அண்ணன் மற்றும் தங்கை வந்தார்கள்’ என்று யாராவது வீட்டில் பேசுவார்களா? ‘அண்ணனும் தங்கையும் வந்தார்கள்.’ நீளமான பட்டியல் என்றால் கால்புள்ளிகளை வைத்துக் கடைசியில் ‘ஆகியோர்’, ‘ஆகியவை’ போடுங்கள். ஓலைச்சுவடியில் நிறுத்தக்குறி கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் போன்றவர்கள் உரைநடையில் அவற்றை வைத்தது, படிப்பவர் தடையில்லாமல் புரிந்துகொள்ள வேண்டும் என்றுதான். வியப்புக்குறிகளை வரிசையாக அடுக்கினால் அந்த நோக்கமே கெட்டுவிடும்.

கேள்வி (ஓசூர்): ‘அவர் ஒரு ஆசிரியர்’ என்பதில் ஒருவா, ஓரா?

பதில்: இரண்டும் வேண்டாம். ‘அவர் ஆசிரியர்.’ ஒரு, ஓர் பற்றி இனிக் கேட்க வேண்டாம். ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘ஒரு’வை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள், பாதிக்குமேல் தேவைப்படாது.

கேள்வி (பலகை எழுதுபவர், விருதுநகர்): மருந்து கடையா, மருந்துக் கடையா? பலகையில் இடம் குறைவு, கடைக்காரர் க் வேண்டாம் என்கிறார்.

பதில்: மருந்துக் கடைதான். கடைக்காரரையே வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். டீக்கடை, பூக்கடை, நகைக்கடை, துணிக்கடை என்று அவரும் அழுத்தித்தான் சொல்வார். ஜெராக்ஸ் கடைக்கு மட்டும் ஒற்றுத் தேவை இல்லை, அந்தச் சொல் மெய்யில் முடிகிறது. இடம் போதாமல் இரண்டு வரியாக எழுதினால் க்-ஐக் கீழே தள்ளிவிடாதீர்கள், புள்ளி வைத்த எழுத்து வரியின் தொடக்கத்தில் வரக் கூடாது. மேல் வரியில் ‘மருந்துக்’, கீழ் வரியில் ‘கடை’.