ரோஸ்டரைக் கேளுங்கள் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் உள்நாட்டு விமான நிறுவனம் ஒன்றில் ஏர்பஸ் ஏ320 விமானத்தின் துணை விமானி. பறந்த நேரம் 2000 மணியைத் தாண்டிவிட்டது. சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். அமீரகத்தில் உள்ள ஒரு பட்ஜெட் ஏர்லைனிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. சம்பளம் இங்கே வாங்குவதைவிட நன்றாகவே கூடுதல். பயிற்சிக்கு வாங்கிய கடனும் பாக்கி இருக்கிறது. ஆனால் வீட்டில் யாருக்கும் மனசில்லை. “டவுன் பஸ் ஓட்டுற மாதிரிதானே அது, பெரிய கம்பெனி கூப்பிடுற வரைக்கும் இருக்கலாமே” என்கிறார் மாமனார். டிக்கெட் மலிவு என்றால் விமானமும் அப்படித்தான் இருக்கும் என்று யாரோ சொல்லி அம்மாவைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். மனைவிக்கு இது ஐந்தாம் மாதம். நீங்கள் அங்கே அந்த மாதிரி ஒரு நிறுவனத்தில் கேப்டனாக இருந்தவர். போகலாமா? போவதென்றால் எதைப் பார்த்துப் போக வேண்டும்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிட்டேன்.)

அன்புள்ள தம்பி,

தாராளமாகப் போகலாம். உங்கள் இரண்டாவது கேள்விக்குத்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அம்மாவின் பயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 2003 அக்டோபரில் ஏர் அரேபியா ஷார்ஜாவிலிருந்து பறக்க ஆரம்பித்தது. வளைகுடாவுக்கே அது புதுசு. அப்புறம் குவைத்தில் ஜசீரா, சவூதியில் இன்று ஃப்ளைநாஸ் என்று அழைக்கப்படும் நிறுவனம், 2009-ல் ஃப்ளைதுபாய், 2017-ல் மஸ்கட்டில் சலாம் ஏர் என்று வரிசையாக வந்தன. இவர்கள் மிச்சம் பிடிக்கும் இடங்கள் அநேகமாக ஒன்றுதான். ஒரே குடும்ப விமானங்களை வாங்குவார்கள். அதனால் விமானிகளுக்கும் மெக்கானிக்குகளுக்கும் ஒரே பயிற்சி, உதிரிபாகக் கிடங்கும் ஒன்று. இருக்கைகளை நெருக்கிப் போடுவார்கள். சாப்பாட்டுக்கும் பெட்டிக்கும் தனிக் காசு. எல்லாவற்றுக்கும் மேல், விமானம் தரையில் சும்மா நிற்க விடமாட்டார்கள். பராமரிப்பைக் குறைத்து யாரும் டிக்கெட் விலையைக் குறைக்க முடியாது. அமீரகத்தில் பெரிய நிறுவனத்துக்கு உரிமம் தருகிற அதே அமைப்புதான் இவர்களுக்கும் தருகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிமுலேட்டரில் (விமானம் போலவே இயங்கும் பயிற்சிக் கருவி) உட்கார்ந்து தேற வேண்டியது எல்லா விமானிக்கும் பொது. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

மாமனாரின் டவுன் பஸ் ஒப்பீட்டை நான் மறுக்கவில்லை. ஏறி இறங்கிக்கொண்டேதான் இருப்போம். ஆனால் ஒரு விமானிக்கு அதுதான் சொத்து. பதினான்கு மணி நேரம் பறக்கும் பெரிய விமானத்தில் நான்கு விமானிகள் இருப்பார்கள், தரையிறக்கம் ஒன்றுதான். துணை விமானிக்கு மாதத்தில் எத்தனை வாய்ப்பு கிடைக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வளைகுடாவில் ஜூலை மதியம் 45 டிகிரி வெயிலில், ஒரு சீட்கூடக் காலியில்லாத விமானத்தை எழுப்ப வேண்டும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது; இறக்கையின் தூக்குவிசையும் எஞ்சினின் பலமும் சேர்ந்தே குறையும்; ஓடுபாதை கண்ணெதிரே தீர்ந்துகொண்டே வரும். ஷமால் என்ற புழுதிக் காற்று கிளம்பினால் வானமும் தரையும் ஒரே மண் நிறம். காத்மாண்டுவில் ஓடுபாதையே கடல்மட்டத்திலிருந்து 4,300 அடிக்கும் மேலே, சுற்றிலும் மலை. இந்த வழித்தடங்களில் ஐந்து வருஷம் பறந்த துணை விமானியை எந்த நிறுவனமும் மரியாதையோடுதான் பார்க்கும். கேப்டன் ஆகிற வாய்ப்பும் இந்த நிறுவனங்களில் பொதுவாகச் சீக்கிரம் வரும்.

சரி, இனி இரவைப் பற்றி. இந்த வேலையின் கஷ்டம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. வேலைக்குச் சேர்பவர்களிடம் யாரும் இதை உட்கார வைத்துச் சொல்வதில்லை.

ஒரு சென்னை டர்ன்அரவுண்டை, அதாவது போய் இறங்கி உடனே திரும்பும் பணியை எடுத்துக்கொள்வோம். இரவு எட்டே முக்காலுக்கு ரிப்போர்ட்டிங். பத்து மணிக்குக் கிளம்பினால் நான்கு மணி நேரம். சென்னையில் இறங்கும்போது இந்திய நேரம் அதிகாலை மூன்றரை. ஓட்டல் கிடையாது. விமானத்தைச் சுத்தம் செய்வார்கள், எரிபொருள் ஏறும், ஒரு மணி நேரத்தில் அதே விமானிகள், அதே கேபின் பணியாளர்களோடு திரும்ப வேண்டும். பட்ஜெட் ஏர்லைன் மிச்சம் பிடிக்கும் பெரிய தொகைகளில் இதுவும் ஒன்று. நீங்கள் சென்னைக்கு வருவீர்கள், காக்பிட் கண்ணாடி வழியாக மீனம்பாக்கத்து விளக்குகளைப் பார்ப்பீர்கள், அவ்வளவுதான். திரும்பும் வழியில் எதிர்க்காற்று இருக்கும். குளிர்காலத்தில் அது பலமாகவே இருக்கும். அமீரக நேரப்படி காலை ஏழேகாலுக்குத் தரையிறங்கும்போது, ஓடுபாதை 12 என்றால் விமானத்தின் மூக்கு தென்கிழக்கைப் பார்க்கும். டிசம்பர் மாதத்துச் சூரியன் கிட்டத்தட்ட நேராக முகத்தில் அடிக்கும். இரவெல்லாம் இருட்டுக்குப் பழகின கண். கீழே சில நாட்கள் பனிமூட்டமும் இருக்கும். இத்தனைக்கும் நடுவில்தான் அன்றைய வேலையிலேயே கடினமான பகுதியைச் செய்ய வேண்டும்.

பணி தொடங்கியதிலிருந்து பத்தரை மணி நேரம் ஆகியிருக்கும். பெரும்பாலான விதிகளின்படி இது சட்டத்துக்கு உட்பட்டதுதான். விதியில் இடம் இருக்கிறது என்பதால் உடம்பு தயாராக இருக்கிறது என்று ஆகிவிடாது. அதிகாலை இரண்டிலிருந்து ஆறு வரை உடம்பின் விழிப்பு மிகக் கீழே இருக்கும் நேரம் என்று களைப்பு பற்றிய விமானத்துறை விதிகளே தனியாகக் குறிக்கின்றன. திரும்பும் பயணத்தின் பெரும்பகுதி அந்த நேரத்துக்குள் விழுகிறது. ஒரு இரவு என்றால் சமாளித்துவிடலாம். தொடர்ந்து மூன்று இரவு வந்தால், மூன்றாவது இரவில் ரேடியோவில் நம்மைக் கூப்பிடுவது காதில் விழாமல், பக்கத்து இருக்கைக்காரர் கையைத் தட்டிச் சொல்லும் நிலை வரும். இது எல்லோருக்கும் நடக்கும்.

மங்களூரை நினைத்துக்கொள்ளுங்கள். 2010 மே 22, துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 737. 158 பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் பிழைத்தார்கள். காக்பிட் ஒலிப்பதிவு இருந்த இரண்டு மணி ஐந்து நிமிடத்தில் முதல் ஒரு மணி நாற்பது நிமிடம் கேப்டன் தூங்கிக்கொண்டிருந்தார் என்று விசாரணைக் குழு சொன்னது. விமானம் இருக்க வேண்டிய உயரத்துக்கு மிக மேலே, வேகமாக வந்தது. தரையிறங்காமல் மறுபடி மேலே எழும்பச் சொல்லும் ‘கோ-அரவுண்ட்’ என்ற வார்த்தையைத் துணை விமானி மூன்று முறை சொன்னார். கேப்டன் கேட்கவில்லை. நம் ஊர் ஆட்கள் போய்வரும் அதே வழித்தடம், அதே அதிகாலை. அடுத்து 2016 மார்ச் 19. ரஷ்யாவின் ரோஸ்தோவில் ஃப்ளைதுபாய் விமானம் மோசமான காற்றில் சுமார் இரண்டு மணி நேரம் வட்டமடித்துக் காத்திருந்துவிட்டு, அதிகாலை 3:42-க்கு இரண்டாவது கோ-அரவுண்டின்போது தரையில் மோதியது. 62 பேரும் இறந்தார்கள். இருட்டில் கேப்டன் விமானத்தின் நிலையைப் பற்றிய உணர்வை இழந்து மூக்கைக் கீழே அழுத்தினார் என்று 2019-ல் வந்த அறிக்கை சொன்னது. வளைகுடா விமானிகளின் களைப்பு பற்றி அந்த விபத்துக்குப் பின் உலகம் முழுக்கப் பேசினார்கள்.

பயமுறுத்துவதற்காக இவற்றைச் சொல்லவில்லை. நீங்கள் துணை விமானியின் வலது இருக்கைக்குப் போகிறீர்கள். பக்கத்தில் இருப்பவர் ஒரு நாள் செர்பியர், இன்னொரு நாள் எகிப்தியர், மறுநாள் பிரேசில்காரர். எல்லோரும் ஆங்கிலம்தான் பேசுவார்கள், ஆனால் மூத்தவரிடம் எப்படிப் பேசுவது என்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு வளர்ப்பு உண்டு. நமக்கும் உண்டு. பெரியவர் தப்பாகச் செய்தால் தொண்டையில் வார்த்தை நின்றுவிடுகிற வளர்ப்பு. அதை நீங்கள் காக்பிட் கதவுக்கு வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ‘கோ-அரவுண்ட்’ என்று இரண்டாவது முறை சொல்லியும் அசைவில்லை என்றால் கட்டுப்பாட்டைக் கையில் எடுக்கும் நடைமுறை நிறுவனத்தின் கையேட்டில் இருக்கும். அதை மனப்பாடம் செய்துவிட்டுத்தான் முதல் இரவுப் பணிக்குப் போக வேண்டும்.

ஆகவே நேர்காணலில் அவர்கள் கடைசியாக “ஏதாவது கேட்க வேண்டுமா?” என்பார்களே, அப்போது சம்பளத்தைக் கேட்காதீர்கள், அது தாளிலேயே இருக்கும். ரோஸ்டரை, அதாவது யாருக்கு எந்த நாள், எந்த நேரம் பணி என்ற அட்டவணையைக் கேளுங்கள். தொடர்ந்து எத்தனை இரவு போடுவார்கள்? இரவுப் பணி முடிந்த நாளையே விடுமுறை நாளாக எழுதிவிடுகிறார்களா? கூப்பிட்டால் உடனே வரத் தயாராக இருக்கும் ஸ்டாண்ட்பை எத்தனை மணி நேரம்? வெளியிட்ட ரோஸ்டர் எத்தனை தரம் மாறும்? களைப்பாக இருக்கிறது, இன்று பறக்க மாட்டேன் என்று ஒருவர் சொன்னால் அடுத்து என்ன நடக்கும், சம்பளம் பிடிப்பார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்பவர் முகத்தைப் பாருங்கள். அங்கே ஏற்கெனவே பறக்கும் நம் ஆட்கள் யாரையாவது பிடித்து, போன மூன்று மாத ரோஸ்டரைக் காட்டச் சொல்லுங்கள். ஐரோப்பிய விதியில் 28 நாளில் 100 மணி நேரம், ஆண்டுக்கு 900 மணி நேரம் என்று உச்சவரம்பு உண்டு. இந்த மாதிரி வரம்புகள் எல்லா இடத்திலும் இருக்கின்றன. ஆனால் 90 மணி நேரத்தைப் பகலில் பறப்பதும் இரவில் பறப்பதும் ஒன்றாகாது. இந்தியாவிலேயே இரவுத் தரையிறக்கங்களைக் குறைத்து, வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கிய விதிகள் 2025-ல்தான் நடைமுறைக்கு வர ஆரம்பித்தன. டிசம்பரில் அதை ஒட்டி எத்தனை விமானங்கள் ரத்தாயின என்பதை நீங்கள் உள்ளே இருந்தே பார்த்திருப்பீர்கள்.

நான் வேலை செய்த இடத்தில் (பெயர் வேண்டாம்) களைப்பு அறிக்கை கொடுத்தவரை மறுநாள் அலுவலகத்துக்கு வரச் சொல்லி ‘பேசும்’ வழக்கம் கொஞ்ச காலம் இருந்தது. பேச்சு மரியாதையாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு அடுத்தவர் அறிக்கை கொடுக்க மாட்டார். நாங்கள் சிலர் விடாமல் எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தோம். பிறகு அந்த வழக்கம் நின்றது. அமீரகத்தில் தொழிற்சங்கம் கிடையாது, வேலைநிறுத்தமும் கூடாது. எழுத்தில் கொடுப்பது ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கும்.

அதே காரணத்தால் வேலைக்கு உத்தரவாதமும் குறைவு. விசா வேலையோடு கட்டப்பட்டது. 2020 மார்ச்சில் அமீரகம் பயணிகள் விமானங்களை நிறுத்தியபோது, பிள்ளைகளின் பள்ளி வருஷம் பாதியில் நிற்க, வீட்டைக் காலி செய்துவிட்டு ஊர் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். விஸ் ஏர் அபுதாபி 2021-ல் பறக்கத் தொடங்கி 2025 செப்டம்பரில் கடையை மூடியது. வெயிலும் தூசியும் எஞ்சின்களைப் படுத்தியதும், அந்தப் பகுதியின் பதற்றமும் அவர்கள் சொன்ன காரணங்களில் அடக்கம். பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும்: முதல் ஐந்து வருஷத்துக்கு ஆண்டுக்கு 21 நாள், அதற்குமேல் 30 நாள். எனவே மொத்தத் தொகையைப் பார்த்து மயங்காமல் அதில் அடிப்படை எவ்வளவு, வீட்டுப்படி எவ்வளவு, பறந்தால்தான் வரும் காசு எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். முதல் இரண்டு வருஷச் சேமிப்பு கடனுக்கே போகட்டும். கார் பிறகு வாங்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிளம்புவதற்கு முன் நோட்டாக் என்று ஒரு தாள் கையெழுத்துக்கு வரும், சரக்கில் என்ன இருக்கிறது என்று கேப்டனுக்குத் தெரிவிக்க. இந்தியா, நேபாளம், வங்கதேசம் போகும் விமானங்களில் அதில் சில நாள் ஹெச்.யு.எம். என்ற மூன்று எழுத்து இருக்கும். சவப்பெட்டி. மேலே கேபினில் மூன்று வருஷம் கழித்து ஊருக்குப் போகிறவர், கம்பளியும் பால்பவுடரும் வாங்கி அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பெரிய நிறுவனங்களின் விலையில் இவர்களால் அடிக்கடி வர முடியாது. தகப்பனார் காரியத்துக்கு மூன்று நாள் லீவில் வந்துபோக முடிகிறது என்றால் இந்த மலிவு டிக்கெட்டால்தான். சென்னை விமானத்தில் நான் அறிவிப்பைத் தமிழில் செய்வேன், நிறுவனம் அனுமதித்தது. “இன்னும் இருபது நிமிஷத்துல இறங்கிடுவோம், கீழ லேசா மழை” என்றால், பூட்டிய கதவுக்குப் பின்னாலும் கேபினின் சத்தம் கேட்கும். இந்த வேலையைச் சின்ன வேலை என்று யார் சொன்னாலும் நான் ஏற்க மாட்டேன்.

கடைசியாக நாள் கணக்கு. துணை விமானிக்கு இந்தியாவில் ஆறு மாத நோட்டீஸ் விதி இருக்கிறது. உரிமத்தைச் சரிபார்த்து, இந்திய விமானத்துறையின் ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ அனுப்ப வேண்டிய கடிதத்துக்கும் நேரம் பிடிக்கும். பறந்த நேரங்களைப் பதிந்த லாக்புக்கை இப்போதே ஒழுங்குபடுத்தி அத்தாட்சி வாங்கி வையுங்கள். இன்று எழுதிக் கொடுத்தாலும் நீங்கள் அங்கே போய்ச் சேரும்போது குழந்தைக்கு ஒரு மாதமாவது ஆகியிருக்கும். பிரசவத்துக்கு நீங்கள் ஊரிலேயே இருப்பீர்கள், அது நல்லதுதான். குடும்பத்தைச் சிமுலேட்டரும், பயணிகளோடு பறந்து கற்கும் லைன் ட்ரெய்னிங்கும் முடிந்த பிறகு அழைத்துக்கொள்ளுங்கள். அப்போது வாடகை கொஞ்சம் கூடினாலும் இரண்டு படுக்கையறை உள்ள வீடாகப் பாருங்கள். இரவுப் பணி முடித்துக் காலை ஒன்பது மணிக்குப் படுக்கிறவருக்கும் கைக்குழந்தைக்கும் ஒரே அறை ஒத்துவராது. ஜன்னலுக்குக் கனமான திரை, அதையும் முதல் வாரமே வாங்கிவிடுங்கள்.

ஆஃபர் லெட்டர் வந்ததும், ரோஸ்டர் பற்றி அவர்கள் சொன்ன பதிலையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்