சிவப்பு மைக் கோடுகள்

கேள்வி: எனக்கு வயது 42. ஆறு ஆண்டுகளாக உளவியல், சுயமுன்னேற்றம் சார்ந்த நூல்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். கோபம் குறைந்திருக்கிறது. விடியும் முன்பே எழுகிறேன். வேலையிலும் உயர்ந்திருக்கிறேன். என் மனைவிக்கு இதில் எந்த ஆர்வமும் இல்லை. நூல்களில் எனக்கான வரிகளை நீல மையிலும் அவளுக்கான வரிகளைச் சிவப்பு மையிலும் அடிக்கோடிட்டுத்தான் கொடுக்கிறேன். அப்படியும் திறப்பதில்லை, கேட்டால் நேரமில்லை என்கிறாள். 21 நாளில் எந்தப் பழக்கமும் படிந்துவிடும் என்பதால் அவளுக்கு ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்தேன். நான்காம் நாளே விட்டுவிட்டாள். ஏழு வயது மகனிடம், ஒரு இனிப்பை முன்னால் வைத்து, காத்திருந்தால் இரண்டு தருவதாகச் சொல்லும் அந்தப் புகழ்பெற்ற சோதனையைச் செய்து பார்த்தேன். உடனே சாப்பிட்டுவிட்டான். அவள் கொடுக்கும் செல்லம்தான் காரணம். பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கும் என் தந்தையை அவள் நன்றாகவே கவனித்துக்கொள்கிறாள். அதில் குறை சொல்ல மாட்டேன். இரவிலும் அவளே எழுந்து பார்ப்பதால் என் அதிகாலைப் பழக்கம் தடைபடுவதில்லை. ஆனால், நாம் அதிகம் பழகும் ஐந்து பேரின் சராசரிதான் நாம் என்கிறார்கள். வளர மறுப்பவர்களிடமிருந்து விலகச் சொல்கிறார்கள். மனைவி விஷயத்தில் இதை எப்படிக் கடைப்பிடிப்பது? அவளுக்கு எந்த நூலைக் கொடுத்துத் தொடங்கலாம்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: வீட்டில் தான் மட்டும் முன்னேறிக்கொண்டிருப்பதாகவும் மற்றவர்கள் பின்தங்கிவிட்டதாகவும் சொல்லும் கடிதங்கள் எனக்கு அடிக்கடி வருகின்றன. கணவர்களும் எழுதுகிறார்கள், மனைவிகளும் எழுதுகிறார்கள். உங்கள் கடிதத்தில் புதிதாக இருந்தது அந்த இரண்டு நிற மைதான். போகிற போக்கில் ஒரே வரியில் சொல்லிவிட்டு நீங்கள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

உங்கள் அலமாரியிலிருந்து ஐந்தாறு நூல்களை எடுத்து, எந்த வரி எந்த நிறத்தில் இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். உங்கள் கடிதத்தை வைத்தே என்னால் ஓரளவு சொல்ல முடியும். அதிகாலையில் எழுவது, இலக்கு வகுப்பது, வேலையில் உயர்வது, பொருந்தாதவர்களை விட்டு விலகுவது ஆகியவை நீலத்தில் இருக்கும். நேரத்தை வீணாக்குவது, சாக்குச் சொல்வது, பிள்ளைக்குச் செல்லம் கொடுப்பது ஆகியவை சிவப்பில் இருக்கும். அடைய வேண்டியதெல்லாம் உங்களுக்கு, திருத்த வேண்டியதெல்லாம் அவருக்கு என்று பிரித்திருக்கிறீர்கள். ஒரு வரியையாவது இரண்டு மையிலும் கோடிட்டிருக்கிறீர்களா? அடுத்தவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேள், அவர் இடத்தில் நின்று பார் என்ற அறிவுரை இல்லாத சுயமுன்னேற்ற நூல் அபூர்வம். அந்த வரிகளுக்கு எந்த மையை எடுத்தீர்கள்?

உங்கள் மனைவி வேலையெல்லாம் முடித்து, இரவில் உட்கார்ந்து, நீங்கள் கொடுத்த நூலைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் என்ன சொல்ல வருகிறார் என்று படிப்பதற்கு முன்பே கண்ணில் படுவது சிவப்புக் கோடு. அளவுகோல் வைத்து நேராகப் போட்ட கோடாகக்கூட இருக்கலாம். இந்த இடத்துக்கு வந்தபோது கணவருக்குத் தன் நினைவு வந்திருக்கிறது, வந்த நினைவு இந்தக் குறையைப் பற்றியது என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. நான்கு பக்கம் தள்ளி இன்னொரு குறை. அவர் கையில் இருப்பது குற்றப்பத்திரிகை. முதல் நூலிலேயே அவருக்கு இது புரிந்திருக்கும்; மற்றவற்றைத் திறக்காததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஆர்வம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தன்மானம் உள்ள யாரும் செய்வதைத்தான் அவர் செய்திருக்கிறார்.

இந்த நூல்களை நான் தாழ்த்திப் பேசவில்லை. துவண்டு கிடந்த பலரை அவை எழுப்பி உட்கார வைத்திருக்கின்றன. சாமுவேல் ஸ்மைல்ஸ் 1859-இல் வெளியிட்ட நூலை இந்த வகைக்கு முன்னோடி என்பார்கள். அது பிறந்த விதம் உங்களுக்குத் தெரிய வேண்டும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் எளிய நிலையில் இருந்த இளைஞர்கள் சிலர், மாலையில் தாங்களாகவே கூடி, தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துப் படித்துவந்தார்கள். அவர்கள் கேட்டுக்கொண்டதால் ஸ்மைல்ஸ் அங்கே பேசப் போனார். அந்த உரைகளிலிருந்து வளர்ந்ததுதான் அந்த நூல். அங்கே யாரும் யாரையும் கையைப் பிடித்து இழுத்து வரவில்லை. யாருக்கும் மற்றவர் குறைப்பட்டியல் போடவில்லை. தன்னைத் திருத்திக்கொள்ள வந்தவர்களுக்காக எழுதப்பட்டதை எடுத்துக்கொண்டு இன்னொருவரைத் திருத்தப் புறப்பட்டால், வீட்டில் கசப்புதான் சேரும்.

உங்கள் அட்டவணையிலும் இதே தவறுதான். 21 நாள் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சை மருத்துவர், தம் நோயாளிகளுக்கு மாறிய முகம் கண்ணாடியில் பழகக் குறைந்தது 21 நாட்கள் ஆவதாக 1960-இல் எழுதினார். 'குறைந்தது' என்பதைப் பின்னால் வந்தவர்கள் விட்டுவிட்டார்கள். முகத்தையும் விட்டுவிட்டு எல்லாப் பழக்கத்துக்கும் பொதுவாக்கிவிட்டார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி தலைமையில் 96 பேரை வைத்து நடந்த ஆய்வு 2009-இல் வெளியானது. அதில் ஒரு பழக்கம் தானாக வரும் அளவுக்குப் படியச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறினாலும் பெரிய பாதிப்பு இல்லை. இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று, அந்த 96 பேரும் எந்தப் பழக்கம் வேண்டும் என்று தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். உங்கள் மனைவிக்கான பழக்கத்தைத் தேர்ந்தெடுத்தது நீங்கள். நான்காம் நாள் அவர் விட்டதைத் தோல்வியாக எழுதிவைத்ததும் நீங்கள்.

மகனுக்கு வைத்த சோதனையைப் பற்றி இன்னும் கடுமையாகச் சொல்ல வேண்டும். அது 1960-களின் கடைசியிலும் 70-களின் தொடக்கத்திலும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் வால்டர் மிஷெல் நடத்திய சோதனை. காத்திருந்த குழந்தைகள் பின்னாளில் நன்றாக வந்தார்கள் என்ற பகுதிதான் உலகம் முழுக்கப் பரவியது. 2018-இல் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தகவலைக் கொண்டு மறுபடி பார்த்தபோது, அந்தத் தொடர்பு பாதியளவே தென்பட்டது. குடும்பப் பின்னணியையும் வீட்டுச் சூழலையும் கணக்கில் சேர்த்ததும் அதிலும் பெரும்பகுதி மறைந்துவிட்டது. அதற்கு முன்பே, 2013-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 குழந்தைகளை வைத்து ஒன்றைச் செய்தார்கள். இனிப்பை வைப்பதற்கு முன், படம் வரைய இதைவிட நல்ல பொருள்கள் கொண்டுவந்து தருகிறேன் என்று ஒரு பெரியவர் சொன்னார். பாதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடி கொடுத்தார். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து, மன்னித்துக்கொள், இல்லை என்றார். பிறகு இனிப்பை வைத்தார்கள். வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த குழந்தைகள் 3 நிமிடம்.

சொன்ன சொல் நிற்கும் என்று நம்புகிற குழந்தை காத்திருக்கும். அம்மா கேட்டதைக் கொடுக்கிறார் என்கிறீர்கள். நீங்கள் இந்த வாரம் செய்கிறேன், அடுத்த வாரம் வருகிறேன் என்று அவனிடம் சொன்னவை எத்தனை, அவற்றில் நடந்தவை எத்தனை? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. அவனுக்குத் தெரியும். பெற்ற பிள்ளையைச் சோதனைக்கு உட்கார வைத்து, வந்த விடையைத் தாயின் கணக்கில் எழுதுகிற வேலையை இத்தோடு நிறுத்துங்கள்.

இப்போது நேரமில்லை என்று அவர் சொன்னதற்கு வருகிறேன். உங்கள் கடிதம் முழுவதிலும் மனைவி பேசியதாக நீங்கள் எழுதியிருப்பது இது ஒன்றைத்தான். அதையும் நீங்கள் நம்பவில்லை.

பக்கவாதத்தில் படுத்தவரைப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியுமா? தானாகப் புரள முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கச் சொல்வார்கள். இல்லாவிட்டால் இடுப்பிலும் முதுகுத்தண்டின் அடியிலும் குதிகாலிலும் தோல் சிவந்து, பிறகு புண்ணாகும். துணி நனைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நனைந்திருந்தால் துடைத்து, ஈரம் போக உலர்த்தி மாற்ற வேண்டும். விழுங்குவதில் சிரமம் இருந்தால், நிமிர்த்தி உட்கார வைத்து, ஒவ்வொரு வாயும் உள்ளே போய்விட்டதா என்று பார்த்துத்தான் அடுத்ததைக் கொடுக்க முடியும். நள்ளிரவில் ஒருமுறை, அதற்குப் பிறகு ஒருமுறை என்று எழுந்தவருக்கு விடியற்காலையில்தான் கண் அசரும். அந்த நேரத்தில் நீங்கள் எழுந்து, நாட்குறிப்பில் உங்கள் வெற்றியைக் குறித்துக்கொண்டு, உறங்குகிறவரைப் பார்த்து வளர மறுக்கிறவர் என்று முடிவு செய்கிறீர்கள். ஐயா, உங்கள் அதிகாலை அவருடைய இரவிலிருந்து எடுத்தது. தடைபடுவதில்லை என்று நீங்களே நிம்மதியோடு எழுதியிருக்கிறீர்கள்.

படுத்திருப்பவர் உங்கள் தந்தை. அவருடைய உடம்பைத் துடைப்பதும் புரட்டுவதும் முதலில் மகனுடைய கடமை. மருமகள் அதில் கைகொடுத்தால் அது அவருடைய நல்ல மனம், அதை வரமாகப் பெற்றதாக நினைக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. 'குறை சொல்ல மாட்டேன்' என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? தான் செய்ய வேண்டிய வேலையை இன்னொருவர் செய்து முடித்தால் ஒருவர் நன்றி சொல்வார், வெட்கப்படுவார். மதிப்பெண் போட மாட்டார்.

இது உங்களிடம் மட்டும் உள்ள கோளாறு என்று சொல்ல மாட்டேன். மைக்கேல் ராஸ், ஃபியோர் சிகோலி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-இல் வெளியிட்ட ஆய்வில், தம்பதிகளைத் தனித்தனியாக உட்கார வைத்து, வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலும் நூறு சதவீதத்தைத் தாண்டியது. தான் செய்தது ஒவ்வொருவருக்கும் நினைவில் நிற்கிறது. அடுத்தவர் செய்தது நழுவிவிடுகிறது. நீங்கள் படித்த நூல்களில் இது வராமல் இருந்திருக்காது. கோடிட வேண்டிய இடம் அதுதான், நீல மையில்.

ஐந்து பேரின் சராசரி என்பது ஜிம் ரோன் என்ற அமெரிக்க மேடைப் பேச்சாளரின் கூற்றாகச் சொல்லப்படுவது. ஆய்வு செய்து கண்ட விதி அல்ல. உண்மை என்றே எடுத்துக்கொள்வோம். உங்கள் மனைவிக்கும் ஐந்து பேர் உண்டு. அதில் ஒருவர் எழுந்து நடக்க முடியாத முதியவர், ஒருவர் ஏழு வயதுச் சிறுவன், இன்னொருவர் நீங்கள். அவரைப் பேச வைத்து, சிரிக்க வைத்து, கொஞ்சம் ஓய்வு கொடுத்து, அவருடைய சராசரியை உயர்த்த வேண்டிய இடத்தில் இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். ஆறு ஆண்டுகளாக அவருக்கு நீங்கள் கொடுத்தது என்ன? விலகுவது பற்றிக் கேட்கும் உரிமை இந்த வீட்டில் யாருக்காவது இருக்கிறது என்றால் அது அவருக்குத்தான். அவர் கேட்கவில்லை. உங்கள் தந்தையைப் புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருக்கிறார்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இன்று இரவிலிருந்து தந்தையின் இரவுப் பொறுப்பு உங்களுடையது. எப்படிச் செய்வது என்று மனைவியிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்: எந்தப் பக்கம் திருப்பினால் அவருக்கு வலிக்கும், தலையணையை எங்கே முட்டுக்கொடுக்க வேண்டும், தண்ணீரை எவ்வளவு எவ்வளவாகக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அவர் சொல்லிக் கொடுக்கும்போது குறுக்கே பேசாதீர்கள். அதிகாலைப் பழக்கம் போய்விடும் என்றால் போகட்டும். தந்தையைவிட அது பெரிதில்லை. இதை எந்த அட்டவணையிலும் குறிக்காதீர்கள். செய்தேன் பார் என்று அவரிடம் காட்டாதீர்கள். சிவப்புக் கோடுகளுக்காக மன்னிப்புக் கேளுங்கள். ஒரு வாக்கியம் போதும், விளக்கம் வேண்டாம்.

எந்த நூலைக் கொடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். எதையும் கொடுக்காதீர்கள். உங்களால் அவருக்கு மிஞ்சும் நேரத்தில் அவர் தூங்கினால் தூங்கட்டும், சும்மா உட்கார்ந்திருந்தால் உட்கார்ந்திருக்கட்டும், என்ன செய்தாய் என்று விசாரிக்கவும் வேண்டாம். எப்போதாவது அவராகவே அலமாரிப் பக்கம் போனால், கோடு போடாத பிரதி ஒன்று அங்கே இருக்கட்டும்.

மனைவியிடமிருந்து விலகுவது பற்றிய கேள்விக்கு நான் பதில் எழுதப்போவதில்லை. மூன்று மாதம் இரவில் எழுந்து பார்த்துவிட்டு, கேட்க வேண்டும் என்று அப்போதும் தோன்றினால் எழுதுங்கள். அந்தக் கடிதத்தில், உங்கள் மனைவி என்ன நினைக்கிறார் என்று அவரிடமே கேட்டு, அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதி அனுப்புங்கள்.