வால்வு ஆபரேஷனா? முதலில் பல் டாக்டரிடம் போங்கள்

கேள்வி: எனக்கு வயது 46. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறேன். சின்ன வயதில் வந்த மூட்டுக்காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கிவிட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்று திருவனந்தபுரத்தில் சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதம் ஆபரேஷன். அதற்குள் என்ன செய்ய வேண்டும்? உலோக வால்வா, மாட்டுச் சவ்வு வால்வா? திரும்ப எப்போது வெட்டுக்குப் போகலாம்?

பதில்: பெட்டியில் என்ன எடுத்து வைப்பது என்பதெல்லாம் அப்புறம். இந்த வாரமே ஒரு பல் டாக்டரிடம் போங்கள். சொத்தைப் பல்லிலும் வீங்கிய ஈறிலும் இருக்கும் கிருமி இரத்தத்தில் கலந்துகொண்டேதான் இருக்கும். நல்ல வால்வில் அது லேசில் ஒட்டாது, புதிதாகத் தைத்த வால்வில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் வாரக்கணக்கில் நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும், சிலருக்கு நெஞ்சை மறுபடி திறக்க வேண்டிவரும். பிடுங்க வேண்டிய பல்லை இப்போதே பிடுங்கினால்தான் ஆபரேஷனுக்குள் ஈறு ஆறும். இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் பல்லுக்காக அதை நீங்களாக நிறுத்தாதீர்கள், இதய டாக்டரைக் கேளுங்கள். பின்னாளிலும் பல் பிடுங்கும் முன்பு 'வால்வு மாற்றியவன்' என்று சொல்லி, ஆன்டிபயாடிக் போட்டுக்கொண்டுதான் நாற்காலியில் உட்கார வேண்டும்.

அடுத்தது நுரையீரல். பீடி, சிகரெட் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள், ஒரு மாதம் கிடைத்தாலே நுரையீரல் ஓரளவு தெளிந்துவிடும். மூன்று பந்து வைத்த மூச்சுப்பயிற்சிக் கருவியை வாங்கி இப்போதே பழகுங்கள். பலரும் அதை ஊதுகிறார்கள். உறிஞ்ச வேண்டும், ஊதக் கூடாது!

40 வயது தாண்டியிருப்பதால் ஆஞ்சியோகிராமும் எடுப்பார்கள். அடைப்பு இருந்தால் அதையும் ஒரே ஆபரேஷனில் சரிசெய்துவிடலாம். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளில் எதை எந்த நாளில் நிறுத்துவது என்று எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் பிளேடு வைத்து நெஞ்சு முடியை மழிக்காதீர்கள், சிறு கீறலும் சீழ் பிடிக்க வழி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், எல்லை தாண்டி நீங்கள் போகும் மருத்துவமனையில் அது செல்லுமா என்று நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்தில் முன்பே கேட்டுவிடுங்கள்.

இனி வால்வு. சவ்வு வால்வு பொதுவாகப் பத்து, பதினைந்து வருடம் உழைக்கும். வயது குறையக் குறைய அது சீக்கிரம் கெடும். 46 வயதில் வைத்தால் இன்னொரு ஆபரேஷன் பெரும்பாலும் நிச்சயம். உலோக வால்வு ஆயுளுக்கும் வரும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிலையத்தில் உருவாகி 1990இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வும் இந்த வகைதான். 'உலோகம்' என்கிறோமே தவிர, அதில் திறந்து மூடும் தட்டு ஒருவகை பிளாஸ்டிக்.

ஆனால் உலோக வால்வு வைத்தால் இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரையை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். ஐஎன்ஆர் என்ற இரத்தப் பரிசோதனையில் மைட்ரல் வால்வுக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். குறைந்தால் வால்வில் இரத்தம் கட்டும், கூடினால் உடம்புக்குள் கசியும். முதலில் வாரம் ஒருமுறை, அளவு நிலைத்த பிறகு மாதம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். அதனால் வால்வை முடிவு செய்யுமுன் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: மழை பெய்தாலும் கூலி போனாலும் மாதா மாதம் லேபுக்குப் போவேனா? 'ஆம்' என்றால் உங்கள் வயதுக்கு நான் உலோகத்தைத்தான் சொல்வேன். சந்தேகம் என்றால் அதை மறைக்காமல் சர்ஜனிடம் சொல்லுங்கள்.

ஆபரேஷன் மூன்று முதல் ஐந்து மணி நேரம். ஐசியுவில் இரண்டு மூன்று நாள், அப்புறம் வார்டு. ஒரு வாரம், பத்து நாளில் வீடு. வீட்டுக்கு வந்ததும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு உறவெல்லாம் வரும். சளி, இருமல் உள்ளவர்களை வாசலோடு அனுப்புங்கள், கோபித்தாலும் பரவாயில்லை. தூக்கம் கெடும், காரணமில்லாமல் அழுகை வரும். நிறையப் பேருக்கு வருவதுதான், சில வாரத்தில் தணியும், தணியாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். ராத்திரி அமைதியில் நெஞ்சுக்குள் 'டிக் டிக்' கேட்டால் வால்வு வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்தச் சத்தம் மங்கி மூச்சும் வாங்கினால் அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். காய்ச்சல், காயத்தில் நீர், கறுத்த மலம், ஒரு கை தளர்வது, ஒரே வாரத்தில் இரண்டு கிலோ கூடுவது, இவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது.

கம்பியால் கட்டிய நெஞ்செலும்பு ஒன்றுசேரச் சுமார் மூன்று மாதம் ஆகும். அதுவரை கிணற்றில் நீர் இறைப்பது, குடம் தூக்குவது, பைக் ஓட்டுவது வேண்டாம். வர்மமும் எண்ணெய் தடவலும் பழகிய ஊர் நம்முடையது. நெஞ்சில் யாரும் கை வைக்கக் கூடாது. கஷாயம், லேகியம், கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை எல்லாமே ஐஎன்ஆரைப் புரட்டக்கூடியவை அல்லது இரத்தக்கசிவைத் தூண்டக்கூடியவை. கீரையை விட வேண்டியதில்லை, அளவுதான் மாறக் கூடாது. வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரை துவரன் என்றால் எப்போதும் இரண்டு நாள். மீன்கறி தாராளமாக, கருவாடும் ஊறுகாயும் உப்புக்காக வேண்டாம். மூட்டுக்காய்ச்சலுக்காகப் பென்சிலின் ஊசி போட்டு வந்தவர் என்றால், வால்வு மாறியதும் நீங்களாக நிறுத்தாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெட்டு வேலைக்கு மூன்று மாதத்துக்குப் பிறகு, எக்கோ என்ற இதய ஸ்கேனும் ஐஎன்ஆரும் சரியாக இருந்தால், குறைந்த மரங்களோடு போகலாம். பால் வாளி அரையளவு போதும். ஷீட் அடிக்கும் மெஷினைச் சுற்றுவது கடைசியில்தான், நெஞ்சுக்கு அதைவிடப் பெரிய சுமை கிடையாது. கத்தி பட்டால் துணி வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு சரிவில் நடப்பவர் நீங்கள்; வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டால், வலியே இல்லாவிட்டாலும் ஆசாரிபள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். மாத்திரைச் சீட்டை எப்போதும் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள்.