கேளுங்கள், சொல்கிறேன்: ஸ்கூல் போர்டுக்கு யாரை அனுப்பலாம்?

கேள்வி: அக்கா, எனக்கு இப்போதுதான் குடியுரிமை கிடைத்தது. நவம்பரில் முதல் தடவையாக வாக்களிக்கப் போகிறேன். கவர்னர், காங்கிரஸ் எல்லாம் கட்சியைப் பார்த்து முடிவு செய்துவிடுவேன். ஸ்கூல் போர்டில்தான் குழம்பி நிற்கிறேன். மூன்று இடத்துக்கு ஏழு பேர் நிற்கிறார்கள். பெயருக்குப் பக்கத்தில் கட்சி இல்லை. எல்லாரும் "பிள்ளைகள்தான் முக்கியம்" என்கிறார்கள். ஒருவர் எங்கள் தமிழ்ப் பள்ளியில் எல்லாருக்கும் தெரிந்தவர். "நம்மாளுக்குப் போடுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் தினமும் செய்தி வருகிறது. எப்படித் தேர்ந்தெடுப்பது?
- ஒரு வாசகி, கலிஃபோர்னியா

பதில்: வாழ்த்துகள் தங்கையே. பலர் வாக்குச்சீட்டின் மேல்பாதியை நிரப்பிவிட்டு ஸ்கூல் போர்டை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பல ஊர்களில் இந்த இடங்கள் சில நூறு வாக்குகளில் முடிவாகின்றன. உங்கள் வாக்குக்கு அந்தச் சீட்டிலேயே இங்கேதான் எடை அதிகம்.

போர்டின் வேலை என்ன என்று தெரிந்துகொண்டால் ஏழு பேரில் சிலர் தானாகவே கழிந்துவிடுவார்கள். பள்ளிகளின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டென்டென்டை நியமிப்பது, அவர் வேலையை மதிப்பிடுவது, பட்ஜெட்டுக்கும் ஆசிரியர் சங்க ஒப்பந்தத்துக்கும் ஒப்புதல் தருவது, எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கு என்று எல்லை வகுப்பது, வேறு வழியில்லாதபோது ஒரு பள்ளியை மூடுவது, இவைதான் முக்கியமானவை. ஒரு டீச்சரை மாற்றவோ பிரின்சிபாலுக்கு உத்தரவு போடவோ தனி உறுப்பினருக்கு அதிகாரம் கிடையாது. பெரும்பான்மை சேர்ந்தால்தான் எதுவும் நடக்கும்.

ஆகவே "நான் வந்தால் எல்லாப் பள்ளியிலும் ரோபாட்டிக்ஸ்" என்பவரிடம், எதைக் குறைத்துக் கொண்டுவருவீர்கள் என்று கேளுங்கள். ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், அதாவது ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு, செய்யும் செலவில் ஏறக்குறைய 80 சதவீதம் சம்பளமும் மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் போன்றவையும்தான். கைவைக்க மிஞ்சுவது கொஞ்சம். அதோடு பிள்ளைகளும் குறைந்துகொண்டே வருகிறார்கள். 20 ஆண்டுகளுக்கு முன் 63 லட்சமாக இருந்த கலிஃபோர்னியா அரசுப் பள்ளி மாணவர் எண்ணிக்கை இப்போது 58 லட்சத்துக்கு அருகில். பெரும்பாலான டிஸ்ட்ரிக்டுகளுக்கு வருகைப்பதிவை வைத்தே மாநிலப் பணம் வருகிறது. வரும் நான்கு ஆண்டுகள் போர்டு பெரும்பாலும் எதை விடுவது என்றுதான் பேசப்போகிறது. கணக்கைப் படித்துவிட்டு, கூட்டத்தின் முகத்துக்கு நேரே "முடியாது" என்று சொல்லக்கூடியவர்தான் அந்த நாற்காலிக்கு வேண்டும்.

அப்படி ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் டிஸ்ட்ரிக்டின் பட்ஜெட் ஆலோசனைக் குழுவில் நெடுங்காலம் இருந்தவள் நான். ஒவ்வொரு டிசம்பரிலும் இடைக்கால நிதி அறிக்கை போர்டின் முன் வரும். இந்த ஆண்டும் அடுத்த இரண்டு ஆண்டுகளும் செலவைச் சமாளிக்க முடியுமென்றால் அதற்கு "பாசிட்டிவ்" என்று சான்று. சந்தேகமென்றால் "குவாலிஃபைட்", முடியாதென்றால் "நெகட்டிவ்". ஒரு டிசம்பர் கூட்டத்தில் வந்த அறிக்கை பாசிட்டிவ். இரவு பத்து மணி தாண்டிவிட்டது, அரங்கம் காலி. அறிக்கை மீது பொதுமக்கள் கருத்து உண்டா என்று பேச்சுக்குக் கேட்டபோது, பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்து வந்தார். அச்சடித்த அறிக்கையில் மூன்றாம் ஆண்டுப் பத்தியில் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். "கையிருப்பு 3 சதவீதத்தில் வந்து நிற்கிறது. பேச்சுவார்த்தையில் இருக்கும் சம்பள உயர்வை இதில் சேர்த்திருக்கிறீர்களா?" என்றார். அந்த 3 சதவீதம்தான் எங்கள் அளவிலான டிஸ்ட்ரிக்டுக்கு மாநிலம் வைத்திருக்கும் அடிமட்டம். நிதி அதிகாரி, "இன்னும் இல்லை" என்றார். மேடையில் அதுவரை யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. அடுத்த தேர்தலில் அந்த அம்மா நின்றார். நான் வேறு யாரையும் யோசிக்கவில்லை.

உங்கள் ஏழு பேரில் அப்படி யாராவது இருக்கிறார்களா என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். பல டிஸ்ட்ரிக்டுகள் கூட்ட வீடியோக்களைத் தளத்தில் போடுகின்றன. பட்ஜெட், பள்ளி மூடல், எல்லை மாற்றம் வந்த கூட்டங்களை மட்டும் ஓட்டிப் பாருங்கள். யார் வந்தார்கள், தன் பிள்ளையின் பள்ளியைத் தாண்டி எதையாவது பேசினார்களா என்று கவனியுங்கள். ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர் எப்படி வாக்களித்தார் என்பது கூட்டக் குறிப்பில் இருக்கும். பதாகையைவிட அதை நம்புங்கள்.

சீட்டில் பெயருக்குக் கீழே வரும் தொழில் விவரத்துக்கு மூன்று சொற்கள்தான் அனுமதி. அதை வைத்து ஒருவரை எடைபோடாதீர்கள். வாக்காளர் வழிகாட்டிப் புத்தகத்தில் ஒருவருடைய அறிக்கையே இல்லையென்றால் அவருக்கு அக்கறை இல்லை என்று பொருளல்ல. பல கவுண்டிகளில் அதை அச்சிட வேட்பாளரே பணம் கட்ட வேண்டும், அது பெருந்தொகை. நன்கொடை விவரத்தைக் கட்டாயம் பாருங்கள். 2,000 டாலருக்கு மேல் திரட்டினால் 460 என்ற படிவத்தில் யார் கொடுத்தார்கள் என்று காட்டியாக வேண்டும். சங்கம் கொடுத்தாலும் கட்டுமான நிறுவனம் கொடுத்தாலும் தவறில்லை. ஆனால் அவர்களோடு ஒப்பந்தம் பேசப்போகிறவரும் இவர்தான்.

இனி நம்மாள் விஷயம். தமிழர் ஒருவர் நிற்பது எனக்குப் பெருமைதான். தமிழ்ப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு உயர்நிலைப் பள்ளியில் மொழிப் பாடத்துக்கான கிரெடிட் கிடைக்க, நம் நிலைமை தெரிந்த ஒருவர் போர்டில் இருந்தால் பெரிய உதவி. அதற்காக அவரை மட்டும் கேள்வி கேட்காமல் அனுப்பக் கூடாது. தெரிந்தவர் என்பதால் உங்களுக்கு வசதியும் உண்டு: போன் போட்டு, பள்ளி மூடும் நிலை வந்தால் எந்த அளவுகோலை வைத்து முடிவெடுப்பீர்கள் என்று நேராகக் கேளுங்கள். யோசித்த ஆள் என்றால் பதிலில் பள்ளிகளின் பெயர் வரும்.

இன்னொன்று. மூன்று இடம் என்பதற்காக மூன்று பெயரையும் குறிக்க வேண்டியதில்லை. ஒருவர்தான் தகுதியானவர் என்று பட்டால் அவரை மட்டும் குறியுங்கள், வாக்கு செல்லும். மனமில்லாமல் குறிக்கும் இரண்டாவது பெயர் உங்கள் முதல் ஆளையே தோற்கடிக்கலாம்.

கேள்வி: எட்டாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா கொண்டுவருவேன் என்கிறார் ஒரு வேட்பாளர். அது ஒன்றுக்காகவே வாக்களிக்கலாமா?
- ஒரு தந்தை, பே ஏரியா

பதில்: கேட்பதில் நியாயம் இருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோ 2014-இல் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவை நிறுத்தியது. பெற்றோர் விடவில்லை. 2024-இல் அதைத் திரும்பக் கொண்டுவர போர்டு வாக்களித்தது. அதே நகரத்தில் 2022 பிப்ரவரியில் மூன்று உறுப்பினர்களை மக்கள் வாக்களித்தே நீக்கினார்கள். கொரோனாவால் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது, பள்ளிகளின் பெயரை மாற்றுவதில் போர்டு நேரம் செலவழித்தது அந்தக் கோபத்தின் பெரும்பகுதி. ஒரே விஷயத்துக்காக வந்தவர் மற்ற விஷயங்களில் எப்படி என்று தெரியாமல் அனுப்பாதீர்கள். அல்ஜீப்ரா நடத்த எத்தனை கணக்கு ஆசிரியர்கள் தேவை, எங்கிருந்து எடுப்பார் என்று அவரிடமே கேளுங்கள்.

கேள்வி: நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். மகள் இங்கே அரசுப் பள்ளியில் படிக்கிறாள். நானும் வரி கட்டுகிறேன். ஸ்கூல் போர்டுக்கு வாக்களிக்கலாமா?
- ஒரு தாய், சான் ஹோசே

பதில்: உங்கள் ஊரில் முடியாது. சான் ஃபிரான்சிஸ்கோவில் குடியுரிமை இல்லாத பெற்றோர் ஸ்கூல் போர்டுக்கு வாக்களிக்க 2016-இல் மக்களே அனுமதி கொடுத்தார்கள். அங்கேகூட வழக்கறிஞரைக் கேட்காமல் பதிவு செய்யாதீர்கள். டிரைவிங் லைசென்ஸ் எடுக்கும்போது படிவத்தில் வாக்காளராகப் பதிவதற்கான கட்டத்தைத் தவறுதலாக டிக் செய்துவிட்டாலும் கிரீன் கார்டு சமயத்தில் பெரிய சிக்கலாகும். ஆனால் கூட்டத்தில் பேச விசா தேவையில்லை. இத்தகைய கூட்டங்களை மக்கள் முன் நடத்தச் சொல்லும் கலிஃபோர்னியாவின் பிரவுன் சட்டப்படி வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரலை ஒட்ட வேண்டும். யார் வேண்டுமானாலும் பேசலாம், பெயர் சொல்லக்கூடக் கட்டாயமில்லை. பெரும்பாலும் இரண்டு, மூன்று நிமிடம்தான் கிடைக்கும். எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், கேள்வியை முதல் வரியிலேயே வையுங்கள்.